கொலாஜ் குறுஅட்டைகளின் அடித்தளம்

கொலாஜ் குறுஅட்டை என்பது ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவில் ஒட்டிச் செய்யப்படும் முழுமையான கலைப்படைப்பு. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் (64 × 89 மி.மீ.) என்ற இந்த அளவு உலகெங்கும் ஒன்றே. பத்திரிகைத் துண்டு, துணி, இலை, நூல், பழைய பயணச்சீட்டு என எதையும் மேலே ஒட்டலாம். எதன்மீது ஒட்டுவது என்பதற்கும் விதி கிடையாது. ஆனால் ஒட்டிய பொருள் நிலைக்குமா, அட்டை வளையுமா, உறைக்குள் நுழையுமா, பூஞ்சை பிடிக்குமா என்பவற்றை முடிவு செய்வது அந்த அடி அட்டைதான். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தாப்பா போன்ற ஈரக்காற்று ஊரில் இந்தத் தேர்வு குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்வதிலிருந்து பல இடங்களில் விலகிப் போகிறது.

அளவும் தோற்றமும்

இந்த வடிவத்துக்கு இன்றைய வழக்கை ஏற்படுத்தித் தந்தவர் சுவிட்சர்லாந்தின் கலைஞர் எம். வான்சி ஸ்டிர்னேமன். 1997-இல் சூரிச் நகரில் தாம் செய்த 1,200 அட்டைகளைக் கண்காட்சியாக வைத்த அவர், விரும்பியவர்கள் தாங்களே அட்டை செய்து கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று அழைத்தார். விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ள மட்டுமே வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அதே ஆண்டில் கனடாவின் டான் மேபி இதைக் கல்கரி நகருக்குக் கொண்டுபோனார். விற்பனைக்கென்றே இதே அளவில் அட்டை செய்யும் வழக்கம் பிறகு தனியாகக் கிளைத்தது.

விளையாட்டு வீரர் படங்களைச் சேகரிப்போருக்காகச் செய்யப்பட்ட பிளாஸ்டிக் உறைகள் இந்த அளவுக்குத்தான் உள்ளன. ஒரு தாளில் ஒன்பது பைகள் கொண்ட கோப்புறைகளும் அப்படியே. ஆகவே அட்டையின் நீள அகலத்தோடு அதன் தடிமனுக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. வழக்கமான கெட்டி உறை சுமார் 0.9 மி.மீ. வரைதான் ஏற்கும். நகல் எடுக்கும் தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ., விளையாட்டுச் சீட்டு 0.3 மி.மீ., 300 ஜிஎஸ்எம் நீர்வண்ணத் தாள் அரை மி.மீ. அளவு. அடி அட்டை எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதே மேலே ஒட்டுவதற்கான இடம். பொத்தானும் மணியும் வைத்துக் கட்டுபவர் உறையை மறந்துவிட வேண்டியதுதான்.

வெட்டும் கணக்கு எளிது. ஓர் ஏ4 தாளில் குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என ஒன்பது அட்டைகள் கிடைக்கும். ஓரத்தில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். முதலில் பெரிய தாளில் ஒட்டி முடித்துவிட்டுப் பிறகு ஒன்பதாக வெட்டுவோரும் உண்டு. எல்லா அட்டைக்கும் ஓரம் ஒரே சீராக அமைவது இதில் ஒரு வசதி.

முன்னோடிகள்

சின்னஞ்சிறு பரப்பில் படம் செய்யும் கலைக்கு இந்தியாவில் பழைய வேர் உண்டு. முகலாயர் காலத்தில் பரவிய கஞ்சிஃபா சீட்டுகள் பெரும்பாலும் வட்டமானவை. எட்டு வகைக்குப் பன்னிரண்டாக 96 சீட்டு கொண்டது முகலாயக் கட்டு. பத்து அவதாரங்களுக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு கொண்டது தசாவதாரக் கட்டு. அரண்மனைகளுக்கு யானைத் தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் செய்தார்கள். மற்றவர்களுக்கு அடித்தளம் துணியும் தாளும்தான். ஒடிசாவின் ஓவியர்கள் பழைய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, வரைந்து முடித்தபின் அரக்கு பூசினார்கள். மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியில் இக்கலை இன்றும் நடக்கிறது. மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதிய கஞ்சிஃபா ஆட்டங்களையே உருவாக்கினார்.

கொலாஜுக்கு இன்னும் நெருங்கியது தஞ்சாவூர் ஓவியம். தங்கத்தகடும் கண்ணாடிக் கற்களும் ஒட்டப்படும் அந்தப் படத்தின் அடியில் பலகை இருக்கும். முன்பு பலாப்பலகை, இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அதன்மேல் துணியை ஒட்டி, சுக்கான் என்ற சுண்ணாம்புக்கல் தூளும் பசையும் கலந்த பூச்சைப் பலமுறை தடவித் தேய்ப்பார்கள். கற்களின் எடையைத் தாங்கப் பலகை, பலகை அசைந்தாலும் பூச்சு வெடிக்காமலிருக்கத் துணி, நிறத்தையும் பசையையும் அளவோடு உறிஞ்சச் சுண்ணப்பூச்சு என்று மூன்று அடுக்குக்கும் தனித்தனி வேலை. இன்று குறுஅட்டை செய்பவரும் இதே மூன்றைத்தான், சிறிய அளவில், யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவிலும் அடித்தளமே படத்தின் பாதியாக நின்ற கதை உண்டு. இங்கிலாந்தின் மேரி டிலேனி எழுபதைத் தாண்டிய வயதில் வண்ணத்தாள் துணுக்குகளால் மலர்ப்படங்கள் செய்யத் தொடங்கினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படங்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல். எல்லாமே கறுப்பு பூசிய தாளில் ஒட்டப்பட்டவை. இருண்ட அடித்தளம்தான் இதழ்களை முன்னே தள்ளுகிறது. 1912-இல் பிகாசோவும் பிராக்கும் கொலாஜை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1919 முதல் ஜெர்மனியின் கர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் சீட்டு, உறைத் துண்டு என்று குப்பையில் கிடந்தவற்றையே ஒட்டிச் சிறு படங்கள் செய்தார்.

நாரோட்டம்

இயந்திரத்தில் செய்த தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் நீளவாட்டில் மிகக் கொஞ்சமும் அகலவாட்டில் பல மடங்கு அதிகமாகவும் உப்பும். ஈரமான பசையில் ஒட்டிய தாள் விரிந்த நிலையிலேயே அட்டையைப் பற்றிக்கொள்கிறது. காயும்போது அது சுருங்கி, அடி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுநாள் பார்த்தால் அட்டை வெயிலில் காய்ந்த அப்பளம் போல வளைந்து கிடக்கும்.

நாரோட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அட்டையை இரு கைகளால் பிடித்து நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சட்டென்று இணங்கும், மறுபக்கம் எதிர்க்கும். இணங்கும் வளைவின் மடிப்புக்கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுவே நாரோட்டம். சிறு துண்டொன்றை ஒரு பக்கம் மட்டும் ஈரப்படுத்தினால் அது தானே குழலாகச் சுருளும். குழலின் அச்சும் நாரோட்டமும் ஒன்றே. குறுஅட்டையின் நீளவாட்டில் நார் ஓடும்படி வெட்டுவது நல்லது.

வளைவுக்கு மருந்து புத்தகம் கட்டுபவர்களின் பழைய வழக்கம்தான்: முன்பக்கம் எதை ஒட்டினாலும் பின்பக்கமும் அதே வகைத் தாளை, அதே நாரோட்டத்தில், அதே பசையில் ஒட்டிவிடுவது. இரு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை நிமிர்ந்து நிற்கும். ஒட்டியதும் மெழுகுத்தாளுக்கு இடையே வைத்துக் கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு அழுத்தினால் போதும்.

அடித்தள வகைகள்

மணிலா அட்டை. மலேசியப் பள்ளிகளில் படித்த எவருக்கும் அறிமுகம் தேவையில்லாத பொருள். முன்பு அபாகா நாரில் செய்ததற்கு இப்பெயர். இன்று விற்பது மரக்கூழ் அட்டை. நகல் தாளைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிமன், எல்லா நிறமும், மலிவான விலை. தமிழ்ப்பள்ளிகளின் காட்சிக்கலைக் கல்விப் பாடத்தில் கொலாஜ், மொண்டாஜ், மொசேக் மூன்றும் இருப்பதால் வீட்டில் எப்படியும் ஒரு தாள் சுருட்டிக் கிடக்கும். தனியாகப் பயன்படுத்தினால் துவளும். இரண்டு தாளை நாரோட்டம் ஒன்றாக வைத்து ஒட்டிக்கொண்டால் நல்ல அடித்தளம். அடர்நிறங்கள் வெளிச்சத்தில் வெளுக்கும். நிறம் வெளியே தெரிய வேண்டிய இடத்தில் நம்ப முடியாது.

பெட்டி அட்டை. தேயிலை, பிஸ்கட், ஊதுபத்தி, சோப்புப் பெட்டிகள் எல்லாம் டூப்ளெக்ஸ் வகை: உள்ளே மறுசுழற்சிக் கூழின் சாம்பல் நிறம், வெளியே வெள்ளைப் பூச்சு. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் கூட்டரசுச் சாலையின் மேலே 1929-இல் தொடங்கியது போ தேயிலைத் தோட்டம். அந்த மலைத் தேயிலையின் காலிப் பெட்டி பத்தாங் பாடாங் மாவட்டத்துச் சமையலறைகளில் தாராளம். மினுமினுக்கும் அச்சுப்பக்கத்தில் பசை பிடிக்காது. சாம்பல் பக்கத்தை மேலே வைப்பது ஒரு வழி; அச்சுப்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டு துண்டுகளின் அச்சுப்பக்கங்களைத் தேய்த்து எதிரெதிராக ஒட்டினால் இரு புறமும் சாம்பல் நிறம் கிடைக்கும், இழுப்பும் சமமாகும்.

இத்தகைய அட்டைகளின் வெள்ளைப் பூச்சுக்குப் பயன்படும் கனிமங்களில் கேயோலின் என்ற வெண்களிமண் முக்கியமானது. மலேசியாவில் அது தோண்டப்படும் பெயர்பெற்ற வட்டாரங்களில் ஒன்று தாப்பா, பீடோர் பகுதி. களிமண் பூசிய பரப்பு அச்சு மையை மேலேயே நிறுத்தி வைக்கும். நீர் கலந்த பசையையும் அப்படியே நிறுத்திவிடுவதுதான் கொலாஜ் செய்பவருக்குத் தொல்லை.

விளையாட்டுச் சீட்டு. அளவு ஏற்கெனவே சரியாக இருக்கிறது, மூலைகள் வளைத்து வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு தாள்களுக்கு நடுவே கறுப்புப் பசை வைத்து ஒட்டியிருப்பதால் வெளிச்சம் ஊடுருவாது. ஜோக்கர் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டில் 54 சீட்டு, அதாவது ஒன்பது பை உறையில் சரியாக ஆறு தாள். மேற்பூச்சைத் தேய்த்துவிட்டு ஒரு கை ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சோ வெள்ளைச் சுவர்ச்சாயமோ பூசினால் எதையும் ஏற்கும். பிரிட்ஜ் சீட்டு கால் அங்குலம் ஒடுங்கியது என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும். முழுவதும் பிளாஸ்டிக்கில் செய்த சீட்டில் தண்ணீர்ப் பசை ஒட்டவே ஒட்டாது.

நீர்வண்ணத் தாள். 300 ஜிஎஸ்எம் தாள் ஈரத்தை நன்றாகத் தாங்கும். சாயமும் பூசி மேலே ஒட்டவும் விரும்புவோருக்கு இதுவே முதல் தேர்வு. பருத்தியில் செய்தவை விலை அதிகம், ஆனால் பல்லாண்டு நிறம் மாறாது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பிரிவு பின்னலாடைக் கழிவுப் பருத்தியில் செய்யும் தாள்களும் இந்த வரிசையில் வைக்கத் தக்கவை. கைத்தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் வளைவும் குறைவு.

கல்யாண அழைப்பிதழ். தமிழர் வீடுகளில் தேடாமல் கிடைக்கும் கெட்டி அட்டை. பிள்ளையார் பொறித்த தங்க ரேக்கு, மேடிட்ட எழுத்து, முத்து மினுக்கு எல்லாம் அதிலேயே இருப்பதால் அடித்தளமும் ஒட்டுப்பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. தங்க ரேக்கின்மேல் பசை நிற்காது. அந்த இடத்தை மூடாமல் விட்டு மற்ற இடத்தில் ஒட்டுவதே புத்திசாலித்தனம்.

பைண்டிங் அட்டை, நாட்காட்டி அட்டை. கணக்குப் புத்தக மட்டையும், நாள்தோறும் கிழிக்கும் நாட்காட்டியின் பின்பலகையும் ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிக்கும். மணி, கண்ணாடி, பொத்தான், கிளிஞ்சல் ஒட்டுவதற்கு இந்தப் பலம் வேண்டும். ஒரே வெட்டில் அறுக்கப் பார்த்தால் ஓரம் பிய்யும். எஃகு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, புதிய அலகு போட்ட கத்தியால் லேசாக நாலைந்து முறை இழுத்தால் ஓரம் சுத்தமாக வரும்.

துணி. பழைய சேலையின் கரை, பாத்தேக் துண்டு எதுவானாலும் தனியே நிற்காது. தையற்கடையில் காலருக்கு வைக்கும் கெட்டித் துணியோடு சூட்டில் ஒட்டிக்கொண்டால் அட்டைக்கு நிகரான விறைப்பு வரும். நூல் வேலை, மணி தைத்தல் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை.

மரமும் தகரமும். பால் வற்றிய பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, 25, 30 ஆண்டில் வெட்டி, அந்த மரத்திலிருந்து எம்டிஎஃப் பலகை செய்யும் தொழில் மலேசியாவில் வேரூன்றியது. இரண்டு மி.மீ. எம்டிஎஃப் வளையாது, ஓரத்தில் தண்ணீர் பட்டால் மட்டும் ஊதும். ஆகவே ஒட்டுவதற்கு முன் நான்கு விளிம்பையும் பூசி அடைக்க வேண்டும். குளிர்பான டின்னின் அலுமினியம் 0.1 மி.மீ. அளவே, ஈரம் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் ஓரம் விரலை அறுக்கும். வெள்ளைப் பசைக்குப் பதிலாக இருபக்க ஒட்டுநாடாவோ எபாக்சியோதான் அதில் நிற்கும்.

ஊடுருவும் தாள்கள். பழைய எக்ஸ்ரே படம், ஒளிவில்லைத் தாள் ஆகியவற்றின்மேல் நரம்பு மட்டும் எஞ்சிய பால்மர இலையை வைத்தால் வெளிச்சம் ஊடுருவும். நாளிதழ் போன்ற அழுக்குவெள்ளைத் தாளில் வைத்த அதே இலை கண்ணுக்கே தெரியாது. கறுப்பு அடி அட்டையில் வைத்தால் ஒவ்வொரு நரம்பும் எண்ணும்படி எழுந்து நிற்கும்.

ஒட்டத் தக்க சிறிய அட்டைகளில் ஒன்று ரயில் சீட்டு. 1830-களில் இங்கிலாந்தின் தாமஸ் எட்மண்ட்சன் வகுத்த 57 × 30 மி.மீ. கெட்டி அட்டைச் சீட்டு பிரிட்டிஷ் ஆட்சி பரவிய நாடுகளின் ரயில்வேக்களில் வெகுகாலம் புழங்கியது. தாப்பா ரோடு நிலையத்திலிருந்து அன்றைய தெலுக் ஆன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, 1890-களிலேயே ரயில் ஓடிய வட்டாரம் இது. பழம்பொருள் கடைகளில் அகப்படும் அத்தகைய சீட்டு குறுஅட்டையின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பை அடைத்துக்கொள்ளும். தடிமனோ முக்கால் மி.மீ. அதை முழுதாக ஒட்ட விரும்புபவர் அடியில் மெல்லிய மணிலா அட்டையை வைத்தாலும் உறை பிடிவாதம் பிடிக்கும். சீட்டின் பின்பக்கத்தை உரித்து மெலிதாக்குவது வழி.

பழுப்பும் அமிலமும்

மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் நாளிதழ்த் தாளில் லிக்னின் நீங்குவதில்லை. வெயிலும் காற்றும் பட்டால் அது பழுத்து நொறுங்கும். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ் நேசன் போன்ற இதழ்களின் பழைய துண்டைக் கொலாஜில் சேர்க்க ஆசைப்படுபவர் அதன் நல்ல நகலை ஒட்டுவதே பாதுகாப்பு. அடி அட்டையே அமிலம் நிறைந்ததாக இருந்தால் மேலே ஒட்டிய வெள்ளைத் தாளுக்கும் அந்தப் பழுப்பு ஏறும். பெட்டி அட்டையும் பைண்டிங் அட்டையும் இதில் சந்தேகத்துக்கு உரியவை. நிலைத்த தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரம் லிக்னின் குறைவையும், அமிலத்தை முறிக்க இரண்டு விழுக்காடு கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான இருப்பையும் கேட்கிறது. பெட்டி அட்டையை விட மனமில்லாதவர் இரு புறமும் அக்ரிலிக் பூச்சு கொடுத்தால் பழுப்பு ஏறுவது தாமதப்படும்.

தாப்பாவின் ஈரம்

தீத்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது தாப்பா. மேற்குக் கரை மாநிலங்களின் உட்பகுதிக்கு அக்டோபர், நவம்பரிலும், அதற்கு அடுத்தபடியாக ஏப்ரல், மே மாதங்களிலும் மழை உச்சத்தில் இருக்கும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே சாதாரணம். 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தாலே தாளில் பூஞ்சை முளைக்கும். ஆகவே அடி அட்டைகளை வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டுவைப்பதும், மழை ஓய்ந்த நண்பகலில் ஒட்டும் வேலையை வைத்துக்கொள்வதும் பலன் தரும். ஈரம் குடித்த அட்டையில் ஒட்டினால் அது பின்னால் காயும்போது படம் முழுவதும் சுருக்கம் விழும்.

மாவுப் பசையும் கஞ்சிப் பசையும் தாளுக்கு இதமானவை, ஆனால் கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. தமிழ்நாட்டுப் பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். அது நச்சு என்பதால் பிள்ளைகள் கை வைக்கும் வேலைக்கு ஆகாது. வெள்ளைப் பசையைப் பூச்சி அவ்வளவாக நாடாது. அதைத் தண்ணீர் விட்டு நீர்க்கவிடாமல் மெல்லியதாகத் தடவினால் வளைவும் குறையும். பசைக்குச்சியில் ஈரம் குறைவு. ஆனால் வெப்ப நாட்டில் ஓரிரு ஆண்டில் ஓரங்கள் எழும்பலாம்.

ரப்பர் பசைக்குப் பேராக்கில் தனி இடம் கொடுக்கத் தோன்றும். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்தே இந்நாட்டின் பால்மர வரலாறு சொல்லப்படுகிறது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசையின் குடும்பமான இதில் தண்ணீரே இல்லை. தாள் உப்பாது, சுருங்காது, வளையாது, தவறாக ஒட்டினால் உரித்தெடுக்கலாம். குறை சில ஆண்டு கழித்துத் தெரியும். இயற்கை ரப்பர் காற்றில் பழுத்து, தாளில் பழுப்புக் கறை விட்டு, பிடியையும் இழந்துவிடும். மாதிரி அமைத்துப் பார்க்க நல்லது, நிலைக்க வேண்டிய படைப்புக்கு அல்ல.

உறையும் பின்பக்கமும்

அக்ரிலிக் பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே முழுதாக இறுகப் பல வாரங்கள் பிடிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அவசரப்பட்டு உறையில் போட்டால் படமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மேலே இருப்பது உறையோடு வந்துவிடும். பிவிசி உறையில் இந்த ஆபத்து அதிகம். பாலிபுரோப்பிலீன் உறையே தேர்வுக்குரியது.

மாற்றிக்கொள்ளும் அட்டையின் பின்பக்கத்தில் கலைஞர் பெயர், தொடர்பு விவரம், தலைப்பு, தேதி, தொடர்வரிசையாக இருந்தால் எத்தனையில் எத்தனையாவது என்ற எண் ஆகியவற்றை எழுதுவது சூரிச் காலத்திலிருந்து வரும் வழக்கம். சீட்டின் வழவழப்பான முதுகிலும் அலுமினியத்திலும் பந்துமுனைப் பேனா வழுக்கும், மை கையோடு வரும். அடித்தளத்தைத் தேர்ந்ததுமே ஒட்டுவதற்கு முன்பாகப் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. எழுத்து நிற்காவிட்டால் வளைவைத் தடுக்க ஒட்டும் பின்தாளையே எழுதும் தாளாகத் தேர்ந்தால் இரண்டு வேலையும் ஒன்றில் முடியும்.